அசல் அணியும் ஒரு டப்பா மூடியும்

பல் டாக்டருக்கு எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல வழியில்லாமல் கிடப்பவர்களிடமே காலமெல்லாம் பேசியவர். அந்தப் பயிற்சியில்தான் 'ஈரத் தீப்பெட்டி' ரசிகர் மன்றத்துக்கும் தலைவராகியிருந்தார்.

ஈரத் தீப்பெட்டி பழைய ப்ளூஸ் ராக் இசைக்குழு. பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிக்கொண்டால் அணையாது என்பது ரசிகர்கள் கட்சி. ஆரம்பித்தவர்களில் மிஞ்சியிருப்பவர் பாஸ் கிட்டார் பெரியவர் ஒருவர்தான். டிரம்ஸ்காரர் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு விலகினார். பாடகர் குரல் போய் வீட்டுமனை விற்கக் கிளம்பினார். அங்கே குரல் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி. லீட் கிட்டார் வாசித்த 'தாடி', ஒருநாள் தாடியை மழித்துவிட்டு சோப்புக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு வாடகை வீட்டுக்குக் குடிவருவதுபோல ஆட்கள் வந்தார்கள், போனார்கள்.

தாடி இருந்தவரைதான் அசல் அணி, பின்னால் வந்ததெல்லாம் பல் செட் என்பது டாக்டரின் தீர்ப்பு.

தாடியின் இடத்துக்கு இப்போது வந்திருப்பவள் டாக்டரின் மகள். அப்பாவின் கிளினிக்கின் பின்னறையில் நிஜமாகவே பல் செட் செய்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றம் கூடியது. கண்ணாடிக் கடைக்குப் பின்னால், கண் பரிசோதனை செய்யும் அறையில். கடைக்காரர்தான் மன்றத்தின் செயலாளர். சுவரில் பெரிதிலிருந்து பொடியாகிக்கொண்டே போகும் எழுத்துகள். அதற்குக் கீழே தலைவர் நாற்காலி. சனிக்கிழமை நடக்கவிருந்த கச்சேரியைப் புறக்கணிக்க டாக்டர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். முன்வரிசைகளை மன்றம் நிரப்பாவிட்டால் கச்சேரியே வேண்டாம் என்று அரங்கத்துக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மகள் ஆறு மாதமாக விரல் தேயப் பழகியது அந்த ஒரு மாலைக்காக.

"பெத்த பொண்ணுங்கறதுக்காகக் கொள்கையை விட முடியுமா?" என்றார் டாக்டர்.

"விட வேண்டாம் தலைவரே. கொஞ்சம் தளர்த்திக்கலாம்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"நீ மழைக் கச்சேரிக்கு வந்திருந்தா இப்படிப் பேசமாட்டே."

மழைக் கச்சேரி என்றதும் எல்லோரும் ஒருகணம் தலைகுனிந்தார்கள். கூரை ஒழுகிய அந்தக் கச்சேரியை யாரும் பதிவு செய்யவில்லை. வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம், அதிலும் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இன்று விசாரித்தால் ஊரில் பாதி அன்று உள்ளே இருந்ததாகச் சொல்லும். ஸ்பீக்கரில் தண்ணீர் சொட்டி, தாடியின் கிட்டாருக்கு அடியில் ஒரு 'உர்ர்' கிளம்பியதாம். அதற்கு டாக்டர் வைத்த பெயர் 'ஈர உறுமல்'. தாடிக்குப் பிறகு எவனுக்கும் அது வாய்க்கவில்லை என்பார்.

வாசலில் நின்றிருந்த மகள் உள்ளே வந்தாள். "அப்பா, பரீட்சை வெச்சுக்கலாமா?"

மன்றத்தின் வழக்கம் அது. புதிதாகச் சேர வருபவர், வில்லைகளில் கறுப்புத் தாள் ஒட்டிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேட்கிற வாசிப்பு எந்த அணியுடையது என்று சொல்ல வேண்டும். தலைவர் இதுவரை மாட்டிக்கொண்டதில்லை. மாட்டுபவர்களைப் பார்த்துச் சிரிப்பது மட்டும்தான் அவர் பங்கு.

"ரெண்டு பதிவு வெச்சிருக்கேன். ஒரே பாட்டு. ஒண்ணு தாடி மாமா பழைய ஒத்திகையில வாசிச்சது, ஒண்ணு நான் வீட்ல பழகினது. மாமாவோடதை பாஸ் பெரியவர்தான் குடுத்தாரு, ரெண்டையும் யாரும் கேட்டதில்ல. நீங்க சரியாச் சொல்லிட்டா குழுவை விட்டுடறேன். தப்பாச் சொன்னா மன்றம் சனிக்கிழமை முன்வரிசையில உக்காரணும்."

"யோசிச்சுப் பேசும்மா. அப்புறம் அழக்கூடாது."

"அழறதுக்கு உங்க கிளினிக் நாற்காலியில உக்காந்தாத்தான் வரும்."

உறுப்பினர்களில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மட்டும் சிரித்தார். போன வாரம்தான் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாலைக்குக் காத்திருப்பவர்போலக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தார். முதல் பதிவு ஓடியது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பல் செட். விரல் ஒரு பக்கம் போகுது, மனசு ஒரு பக்கம் போகுது. இந்த ஆளுக்கு வேற உத்தியோகம் ஏதாவது பார்த்துக் குடுக்கலாம்."

இரண்டாவது ஆரம்பித்தது. மெதுவாக இழுத்த ஒரு சுரம், அது வளைந்து மேலேறும்போது அடியில் 'உர்ர்' என்றது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது.

"உறுமல்," என்றார். "ஈர உறுமல். தாடிடா இது. எந்தக் காலத்துலயும் இவனுக்கு மாத்து ஆள் கிடையாது. கேட்டுக்கோம்மா, கேட்டுக் கத்துக்கோ."

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை. கிட்டாரைக் கீழே வைக்கும் சத்தம், ஒரு கதவு, பிறகு டாக்டரின் வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத அந்தக் குரல்:

"முடிஞ்சுதாடி? முடிஞ்சா ஸ்பீக்கர் மேல வெச்ச டப்பா மூடியை எடு. சர்க்கரையில எறும்பு ஏறுது."

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. உள்ளே இருப்பதே பாதுகாப்பு என்று பட்டிருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "தலைவரே, அசல் அணியில அண்ணி இருந்தாங்களா?"

"அப்ப முதல்ல வாசிச்சது?" என்றார் மாஸ்டர்.

"தாடி மாமா," என்றாள் மகள். "அவருக்குத்தான் வேற உத்தியோகம் கிடைச்சிடுச்சே."

தீர்மானம் கைவிடப்பட்டது. யார் கொண்டுவந்தது என்பதையும் மறந்துவிடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் டாக்டர், இஸ்திரி போட்ட சட்டையில், நிமிர்ந்து. மேடையில் பாஸ் பெரியவர் கண்ணை மூடி அடித்தளம் போட, மகள் ஸ்பீக்கர் மேல் எவர்சில்வர் மூடியை வைத்துவிட்டு, நடுவே வந்து நின்று முதல் சுரத்தை இழுத்தாள். அது வளைந்தது, ஏறியது, மூடி அதிர்ந்து உறுமியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்தார்கள். நடுவரிசை எழுந்தது. பாட்டு உச்சிக்குப் போனபோது உட்கார்ந்திருந்தது டாக்டர் ஒருவர்தான். மகள் மேடை விளிம்புவரை வந்து, அப்பாவுக்கு நேர் எதிரே நின்று அந்த இழுப்பை இன்னொருமுறை இழுத்தாள். அப்போது அவரும் எழுந்துவிட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். பக்கத்திலிருந்தவரின் காதில், "நான் அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன், கண்ணைக் கட்டிக்கிட்டே," என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் காலை மன்றம் கூடியது. எழுத்துப் பலகைக்குக் கீழே அமர்ந்து, இப்போது இருப்பதே அசல் அணி என்று டாக்டர் அறிவித்தார். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்தார்.

"ஒரு சந்தேகம் தலைவரே. பதிவுல உறுமல் கொஞ்சம் அடர்த்தியா இருந்துச்சு. நேத்து மெல்லிசாக் கேட்டுச்சே."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் கிட்டார் உறையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

"அம்மா அந்த மூடியைத் தரலப்பா. சர்க்கரை டப்பாவுக்கு வேணும்னுட்டாங்க. நேத்து வாசிச்சது உப்பு டப்பா மூடி."

அறை இரண்டாகப் பிரிந்தது. அசல் மூடி இல்லாமல் நடந்ததைக் கச்சேரி என்று ஏற்க முடியாது என்றார் மாஸ்டர். உப்பு மூடிக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். மகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அடுத்த மாதமும் அதே மேடையில் வாசிக்க வேண்டும் என்று அரங்கத்துக்காரர் காலையிலேயே அவளைக் கூப்பிட்டிருந்தார்.