வாங்காத சம்பளம்

மருந்துக் கிடங்கில் முதல் சம்பளம் வாங்கிய அன்று அவளுக்கு வந்த கோபம் அரசாங்கத்தின் மேல்தான். மூன்று மாதத் தற்காலிக வேலை. காலாவதித் தேதி பார்த்து மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்க வேண்டும். நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். பாதிக்குக் கிட்ட வரி என்று வழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"ரெண்டாவது வேலைன்னா அப்படித்தான் பிடிப்பாங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு வேலை கிடைக்கவே நாயா அலைஞ்சேன். ரெண்டாவது எங்கேருந்து சார் முளைச்சுது?"

"வரி ஆபீஸ்ல போய்க் கேளுங்க. தப்புன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க."

அந்தப் பணம் அவளுக்கு வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியறை பார்த்து வைத்திருந்தாள். ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. முன்பணத்துக்கு மாதக் கடைசிவரை பொறுப்பதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தாள். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அண்ணனின் திரைச்சீலைக் கடைக்கு மேலே, துணி உருளைகள் அடுக்கிய அறையில்தான் அவளுக்குப் படுக்கை. யாருக்கு எந்தத் துணி வேண்டுமென்றாலும் தட்டாமலே உள்ளே வருவார்கள்.

வரி அலுவலகத்தில் குமாஸ்தா அம்மாள் கணினித் திரையை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தானேம்மா பிடிச்சிருக்காங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சம்பளம் வருதே."

"எனக்கா?"

குமாஸ்தா ஒரு கடையின் பெயரைப் படித்தாள். அண்ணனுடைய கடை. "வருஷக்கணக்கா வாங்குறீங்க. தையல் பிரிவுப் பொறுப்பாளர். நடுவுல சம்பளம்கூட ஏத்தியிருக்காங்க." ஏற்றிய தேதியையும் படித்தாள்.

அவள் சிரித்துவிட்டாள். மாடியில் ஒரு தையல் இயந்திரம், ஒரு முக்காலி, அவள். அதுதான் பிரிவு.

"ஒத்தைக் காசு கையில வாங்கினதில்லைங்க."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தாள். இதை முதல் தடவை கேட்கிற முகமாக இல்லை. "வாங்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, பிடிச்சது உங்களுக்குத் திரும்ப வரும். ஆனா அப்புறம் கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. தெரிஞ்சவரா?"

"கூடப் பிறந்தவர்."

குமாஸ்தா படிவத்தை நீட்டினாள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். சம்பளம் ஏற்றிய வருஷம் எதுவென்று தேதி சொன்னதுமே புரிந்துவிட்டது. அண்ணன் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த வருஷம் அது. கடையை அவள்தான் ஒற்றை ஆளாக இழுத்தாள். எழுந்து வந்தவன் நல்ல வார்த்தை ஒன்று சொல்லவில்லை. அவனுக்கு எதுவும் கண்ணில் படாது, பாவம், அப்படியே வளர்ந்துவிட்டான் என்று அவனுக்காக அவளே தன்னிடம் வக்காலத்து வாங்கியிருக்கிறாள். கண்ணில் படாதவனை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். இவனோ பார்த்திருக்கிறான். பார்த்து, எடை போட்டு, விலையும் போட்டு, அந்த விலையைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறான். சுரண்டியது அவனென்றாலும் ஏமாளி என்ற கூச்சம் அவளுக்குத்தான் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

கடையில் அண்ணன் கல்லாவில் இருந்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என் சம்பளம் எங்கே?"

"ஏன், கிடங்குல குடுக்கலையா?"

"அதில்லை. தையல் பிரிவுப் பொறுப்பாளர் சம்பளம்."

அண்ணன் வாசலைப் பார்த்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. "அது சும்மா கணக்குக்கு. சம்பளச் செலவு காட்டினா கடைக்கு வரி குறையும்னு கணக்கு எழுதுறவர் சொன்னாரு, போட்டேன். ஊர்ல நடக்காததா?"

"வாங்கலைன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுவியா? அபராதம் போட்டா இந்தக் கடை தாங்காது."

"அன்னிக்குத் தாங்கினது யாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே சம்பளம் ஏத்தின?"

அண்ணன் கல்லாவைத் திறந்தான். "இந்தா, அந்த அறைக்கு முன்பணம்தானே வேணும்? நான் தர்றேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு."

நோட்டுகள் அவள் முன்னால் கிடந்தன. வீட்டுக்காரம்மா கேட்டதற்கு மேலேயே இருக்கும். ஜன்னலும் தாழ்ப்பாளும் கைக்கெட்டும் தூரத்தில். செருப்பு அறுந்தபோதுகூடக் கல்லாவில் காசில்லை என்று சொன்னவன், இப்போது எண்ணாமலே எடுத்து வைத்திருக்கிறான்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"என்னங்க," என்றாள் அண்ணி. "என் பேரும் அதுல இருக்கா?"

"நீ உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் கேக்கறேன். என் வேலை என்னன்னு போட்டிருக்கீங்க?"

அண்ணன் நோட்டுகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினான்.

அவள் அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் படிவத்தை விரித்தாள். பேனா தேடினாள். அண்ணிதான் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அந்த ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"பத்துக்கு. கொஞ்சம் முன்னாடியே போயிடணும் அண்ணி, கூட்டம் நிறைய இருக்கும்."