சோம்பேறிக் கல்

ஆய்வகத் தலைவி வெள்ளைப் பலகையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்த மாதம் தொலைநோக்கி எந்தெந்த விண்வெளிக் கற்களைப் பார்ப்பது என்று அன்று முற்பகலுக்குள் முடிவாக வேண்டும். துடைப்பான் கடைசி வரியை நெருங்கியபோது அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"அதைத் தொடாதீங்க மேடம்."

"நாலு மாசமாப் பாக்கறோம்ப்பா. சுத்துற அடையாளமே இல்ல. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டிட்டு அழறது?"

அவன் மனைவி இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தலைவி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"சுத்துது. மெதுவாச் சுத்துது" என்றான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் லட்சக்கணக்கான கற்களில் அதுவும் ஒன்று. நீளமான கல் தன்னைத்தானே சுற்றும்போது அகலப் பக்கத்தைக் காட்டினால் பிரகாசிக்கும். முனையைக் காட்டினால் மங்கும். பெரும்பாலான கற்கள் சில மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். இதுவோ இரவு முழுக்கப் பார்த்தாலும் அசைந்து கொடுக்காது. முதல் வாரங்களில் இதைப் படமெடுத்த அவன் மனைவி 'சோம்பேறி' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் விட்ட இடத்திலிருந்து அவன் எடுத்தான். பலகையில் அந்த வரி போனால் அவள் எடுத்த படங்களும் குப்பைக்குப் போகும்.

மேசையின் மறுபக்கம் மச்சினி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தங்கை. படங்களிலிருந்து வெளிச்சத்தை அளக்கும் புரோகிராம் அவள் எழுதியது.

"மாமா, அக்கா எடுத்ததுங்கறதுக்காகப் பிடிச்சுத் தொங்காதீங்க."

"உங்க அக்கா எடுத்தது சரியாத்தான் இருக்கு. உன் புரோகிராம்தான் இஸ்திரி போட்டுடுது."

யாரோ சிரித்தார்கள். மச்சினிக்கு மூக்கு நுனி சிவந்தது.

"எல்லாக் கல்லுக்கும் அது அப்படித்தான் செய்யும். இதுக்கு மட்டும் என்ன மாப்பிள்ளை மரியாதையா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்திலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுத்தான் கல்லின் வெளிச்சத்தை அளப்பார்கள். கல் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வோர் இரவும் பக்கத்து விண்மீன்கள் மாறிவிடும். அதனால் புரோகிராம் ஒவ்வோர் இரவின் சராசரியையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து வைத்தது. வேகமாகச் சுற்றும் கல்லுக்கு அதில் நஷ்டமில்லை. ஏற்ற இறக்கம் ஒரே இரவுக்குள் தெரிந்துவிடும். சோம்பேறியின் ஏற்ற இறக்கமோ இரவுக்கும் இரவுக்கும் நடுவில் இருந்தது. இழுத்து வைத்த கையோடு அதுவும் காணாமல் போனது.

மேகம் சூழ்வதற்கு முந்தைய கடைசித் தெளிவான இரவில் அவன் அந்தப் பழைய விண்மீன்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் படமெடுத்திருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். எந்த இரவையும் இழுக்காமல் போட்ட வரைபடத்தைத் திரையில் காட்டினான். புள்ளிகள் நிதானமாக ஏறின, இறங்கின, மறுபடி ஏறின.

"ஒரு சுத்துக்கு ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகுது. அதுக்குள்ள ரெண்டு தடவை ஏறி இறங்குது" என்றான்.

"இது நிலாவா இருந்தா?" மச்சினி விடவில்லை. "நிலா வெளிச்சம் கலந்தாலும் கல்லு பளிச்சுன்னு தெரியும். மாசாமாசம் ஏறும், இறங்கும்."

"முதல்ல நிலாவோட ஒட்டித்தான் போச்சு. இப்ப பிரிஞ்சிடுச்சு. நாளைக்கு முழுநிலா. நிலாதான் காரணம்னா இன்னிக்கு ஏறியிருக்கணும். நான் சொல்றேன், இறங்கியிருக்கும். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி இருந்ததுல பாதிதான் இருக்கும்."

"இங்க ஒரே மேகம். யாரு பாக்கறது?" என்றார் தலைவி.

"பூமிக்கு அந்தப் பக்கம் இப்ப ராத்திரிதானே மேடம். அங்க தொலைநோக்கியில வேலை பாக்கற உங்க தோழிகிட்ட ஒரு படம் கேளுங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"நானே துடைக்கறேன்."

தலைவி போனை எடுத்தார். மற்றவர்கள் காபி இயந்திரத்தைத் தேடிப் போனார்கள். மச்சினி போகவில்லை.

"பயமா இல்லையா மாமா?"

"கணக்குப் போட்டாச்சு. அப்புறம் என்ன பயம்?"

"வீட்டுலயும் கொஞ்சம் இப்படிப் பேசலாம். எப்படி இருக்கீங்கன்னு எப்ப கேட்டாலும் 'இருக்கேன்'. நேத்தும் அதே, இன்னிக்கும் அதே."

"இருக்கேன்னா இருக்கேன்தான்."

படம் வந்தது. "நீயே அள" என்று மச்சினியிடம் மடிக்கணினியைத் தள்ளினான். அவள் இழுத்து வைக்கும் பகுதியை நிறுத்திவிட்டு, அவனுடைய அளவுகோலில் அளந்தாள். ஒருமுறை அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். புதிய புள்ளி திரையில் கீழே போய் உட்கார்ந்தது.

"பாதிக்கும் ஒரு மயிரிழை கம்மி" என்றாள். பிறகு, "அக்கா கெட்டிக்காரி" என்றாள்.

தலைவி துடைப்பானை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "எத்தனை ராத்திரி வேணும்?"

"மாசம் முழுக்க."

"ஆசையப் பாரு!"

"ராத்திரிக்குப் பத்தே நிமிஷம் மேடம். இது எங்க ஓடிடப் போகுது?"

தலைவி எழுதிக்கொண்டே கேட்டார்: "கட்டுரையில முதல் பேர் உன்னோடதுதானே?"

"அவளோடது. என் பேரைக் கடைசில போடுங்க. நான் பாதியிலதானே வந்தேன்."