கெட்டி மேளத்துக்கு அடியில்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. இதை உரக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. மயிலாப்பூரில் ஒரு அக்காவும் தம்பியும் ஒரு கைப்பிடிப் பொரிக்காகப் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். கேட்டால் மனசு கனக்கும். கனத்தால் கனக்கட்டும், ஒன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

தம்பியின் பெயர் ஸ்ரீகிருஷ்ணா. வீட்டில் கிச்சா. இருபது வயது தாண்டியவன், வாசல் நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். பேசுவது நாலைந்து வார்த்தை. அவனுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிடாதீர்கள். மிதமிஞ்சிக் கேட்கும், அதுதான் வினை. குக்கர் விசில் அடித்தால் கன்னத்தில் அறைந்த மாதிரித் துடிப்பான். நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒருத்தர் பேச்சும் அவனுக்குப் பிரியாது. எல்லாம் கஞ்சி மாதிரிக் கலந்து கொதிக்கும். அம்மா ஜலஜா மிக்ஸியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த்தான் சட்னி அரைப்பாள். அப்பா ஸ்ரீனிவாசராகவன் சங்கீதப் பைத்தியம். ஆனாலும் வீட்டில் ஒரு ராகம் முணுமுணுத்ததில்லை. லஸ் பக்கம் மெட்ரோவுக்காக ரோட்டைக் குடைய ஆரம்பித்த பிறகு, கிச்சா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா சாருலதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பொரி கிச்சாதான் இடணும்ப்பா."

தாலி கட்டி முடிந்த பிறகு, மணப்பெண் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நிற்பாள். கூடப் பிறந்தவன் அதில் பொரியை அள்ளி இடுவான். அதை அவள் அக்கினியில் சேர்ப்பாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கைக்கு வருகிற பொரி அது.

"மண்டபத்துல அவனாடி? மேளம் வாசிப்பாளே!" என்றாள் ஜலஜா.

"அதுக்குள்ள அவனைப் பழக்கறேன். முடியலேன்னா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பண்ணிக்கறேன். அங்க மேளம் கிடையாது."

"மாப்பிள்ளை ஆத்துல சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. சத்தம் போடாம சிரிச்சா சரி."

அடையாற்றில் ஆஃப்ரீன் என்று ஒரு பெண், இப்படிப்பட்ட காதுகளுக்குச் சங்கீதத்தைக் கொண்டே பழக்கம் கொடுப்பவள். சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை. "இது மருந்து இல்ல சாரு. எல்லாருக்கும் ஒத்து வரும்னும் சொல்ல மாட்டேன். பசங்களுக்குச் சோறு ஊட்டற மாதிரிதான், காதுக்குச் சின்னச் சின்ன வாயா," என்றாள் அவள்.

முதலில் வீணை. குத்துகிற ஒலிகளை வடித்துவிட்டு, பெரிய ஹெட்ஃபோனில் மெல்ல ஊட்டினாள். வடித்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தாள். பிறகு நாயனமும் தவிலும், எங்கோ நாலு தெரு தள்ளி வாசிப்பது போல. கிச்சாவுக்கு ஒரே ஒரு பாடம்: தாங்க முடியாவிட்டால் வலது கையைத் தூக்கி "போறும்" என்று சொல்ல வேண்டும். சொன்ன கணமே சத்தம் அடங்கிவிடும்.

முதல் நாள் மூச்சுக்கு மூச்சு சொன்னான். ஒருதரம்கூட ஆஃப்ரீன் முகம் சுளிக்கவில்லை. சொன்னபோதெல்லாம் அடக்கினாள்.

"இங்க நீதான் ராஜா கிச்சா. நான் உன் ரேடியோக்காரி, அவ்ளோதான்."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே கையைத் தூக்கி "போறும்" என்பான். சத்தம் அடங்கும். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பான். தான் சொன்னால் அடங்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு அவன் சொல்வது குறைந்தது. தவில் மூன்று தெரு தள்ளி வந்தது, இரண்டு தெரு தள்ளி வந்தது, பக்கத்து வீட்டு வாசலுக்கே வந்தது. கிச்சா உட்கார்ந்திருந்தான். ஜலஜா ஒரு நாள் பயந்து பயந்து மிக்ஸியைக் கீழே கொண்டுவந்தாள். அவன் கை தூக்கியதும் நிறுத்தினாள். கை இறங்கியதும் மறுபடி அரைத்தாள்.

சாயங்காலங்களில் சாரு கை ஏந்தி நிற்பாள், அவன் பொரி இடுவான். பாதி அவன் வாய்க்கே போகும்.

"டேய், எனக்குப் போடுடா! நீயா கல்யாணப் பொண்ணு?"

கல்யாணம் தி. நகரில். தவில்காரர் தனபாலனிடம் முன்னாடியே சொல்லிவைத்திருந்தார்கள். "தம்பிக்காகத் தட்டாம தடவிக் குடுக்கறேங்க, சரியா?" என்று சிரித்தபடி, மண்டபத்தின் கடைக்கோடியில் போய் உட்கார்ந்தார். புது வேஷ்டியும் ஹெட்ஃபோனுமாகக் கிச்சா மேடைக்குக் கீழே முதல் வரிசையில். பக்கத்தில் ஆஃப்ரீன்.

முகூர்த்தம் வந்தது. அப்பா மடியில் சாருலதா. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். வாத்தியார் "கெட்டி மேளம்!" என்றார். அட்சதையும் கையுமாக ஜனம் முன்னால் நெருக்கி, ஆஃப்ரீனை அவனிடமிருந்து ஒதுக்கித் தள்ளியது. ஆளுக்கு ஆள் கூவினார்கள். அவ்வளவையும் அந்த ஹெட்ஃபோனால் தடுக்க முடியவில்லை. கிச்சா பயந்தான். ஆனால் ஓடவில்லை, காதைப் பொத்தவில்லை. கற்றுக்கொடுத்ததைச் செய்தான். எழுந்து நின்று வலது கையைத் தூக்கி, "போறும்" என்றான்.

கெட்டி மேளம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும்தானே? தாலி ஏறுகிற நிமிஷத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு வேண்டாத சொல் காதில் விழக்கூடாது. விழுந்தால் மேளம் அதை மூடிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து "போறும்" என்று ஒரு குரல். ஸ்ரீனிவாசராகவனின் வலது கை தானாக உயர்ந்தது. மேளத்தை ஓங்கச் சொல்லி ஆள்காட்டி விரல் வேகமாக ஆடியது. எத்தனையோ கல்யாணத்தில் ஆடிப் பழகிய விரல், யார் குரல் என்று பார்க்கவில்லை. தூரத்திலிருந்த தனபாலனுக்கு விரல்தான் தெரிந்தது. ஓங்கி அடித்தார்.

சொன்னது கேட்கவில்லை போலும் என்று கிச்சா இன்னும் உரக்கச் சொன்னான். மாமாக்களும் சித்தப்பாக்களும் விரலை ஆட்டினார்கள். மேளம் இன்னும் ஏறியது. அவன் கத்தினான். மேளம் இடித்தது.

அப்பாவின் விரல் சாருவின் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், தூக்கிய கையோடு தம்பி. பாய்ந்து அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா! அது நம்ம கிச்சாப்பா!"

அதுவும் மேளத்துக்கு அடியில் போய்விட்டது. அவள் கழுத்தில் முடிச்சு விழுந்தது.

மேளம் ஓய்ந்தபோது கிச்சா தரையில் சுருண்டு கிடந்தான். ஆஃப்ரீன் தன் துப்பட்டாவால் அவன் தலையைச் சுற்றி அணைத்துக்கொண்டிருந்தாள். காருக்குத் தூக்கிப் போனார்கள்.

பொரியிடும் நேரத்தில் சாரு கை ஏந்தி நின்றாள். "செத்த இருங்கோ, வந்துடுவான்," என்றாள். வாத்தியார் இருந்தார். மறுபடி இருந்தார். "நாழியாறதே, மாமி," என்று ஜலஜாவைப் பார்த்தார். கடைசியில் சித்தப்பா பிள்ளை பொரியை அள்ளி இட்டான். நல்ல பிள்ளை, ஒன்றுகூடச் சிந்தாமல் இட்டான்.

தவில் அடிக்க விரல்களில் மாட்டிய கூடுகளைக்கூடக் கழற்றாமல் தனபாலன் கார் பக்கம் வந்து நின்றார். "தம்பி கொரலுன்னு தெரியலிங்க சாமி. நீங்க விரல ஆட்டுனீங்க…"

"நான்தான் ஆட்டினேன். உம்ம மேல ஒரு தப்பும் இல்லே," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

அதற்குப் பிறகு கிச்சா அமைதியாகிவிட்டான். குக்கர் கூவினால் எழுந்து போவதில்லை. மிக்ஸி ஓடினால் கை தூக்குவதில்லை. "பரவாயில்லையே, பழகிட்டானே!" என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஸ்ரீனிவாசராகவனும் அதை நம்பப் பார்த்தார்.

மறுவீடு முடிந்து சாரு வந்ததும் அவனை அடையாற்றுக்கு அழைத்துப் போனார்கள். ஆஃப்ரீன் ஹெட்ஃபோனில் வீணையை மெல்ல ஓடவிட்டாள். சத்தத்தை ஒரு நூலளவு ஏற்றினாள். அவன் அசையவில்லை. இன்னொரு நூல். கால்விரல்கள் மடங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. கைகள் மடியிலேயே கிடந்தன. அவள் பதறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"இவன் பழகல சாரு. சொல்றத விட்டுட்டான்."

ஸ்ரீனிவாசராகவன் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்தார். "அப்பாவைத் திட்டுடா. அடி. ஒரே ஒரு தரம் சொல்லுடா கண்ணா, கையைத் தூக்கி, போறும்னு…"

அவர் முடிக்கவில்லை. கிச்சா தன் பெரிய உள்ளங்கையால் அப்பாவின் வாயை அழுத்தி மூடினான். அந்தச் சொல் கேட்டால் இடி விழும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். அப்பா தலையில் விழாமல் பார்த்துக்கொண்டான். மூடியபடியே, வரப்போகிற சத்தத்துக்காக ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. அவன் கை வெகுநேரம் இறங்கவும் இல்லை.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணங்கள் குறைவில்லாமல் நடக்கட்டும், உங்கள் அடுப்பில் என்றும் சோறு வேகட்டும். உங்களில் ரொம்ப மெல்லப் பேசுகிறவருக்கும் காது கொடுக்க அந்த வீட்டில் ஒருத்தர் இருக்கட்டும். எல்லோரும் நன்றாயிருங்கள்.