அலபாமாவுக்கு வழி

ஓடையில் இறங்கும் முன் தாமார் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, அனுமதிச் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முதுகில் கைக்குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். சீட்டு நனைந்து மை கலைந்தால், சாலையில் திரியும் ரோந்துக்காரர்கள் ஓடிப்போகிறவள் என்று பிடித்துவிடுவார்கள். புருஷனைப் புதைக்கப் போகிறேன் என்று வாயால் சொன்னால் எவன் நம்புவான்?

ஐஷம் நேற்றுச் செத்துப்போனான். அவன் பிளெட்சருக்குச் சொந்தமான அடிமை, அவள் கார்வில்லுக்குச் சொந்தமானவள். இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே இந்த ஓடையும் ஒரு காடும். சனிக்கிழமை வேலை முடித்து வருவான், ஞாயிறு பொழுது சாயத் திரும்புவான். அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம். போன வாரம் கொட்டுகிற மழையில் வந்து போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நாளை விடிந்ததும் கார்வில் மொத்தப் பண்ணையையும் அலபாமாவுக்குக் கிளப்புகிறார். வர்ஜீனியா மண்ணைப் புகையிலை சக்கையாக்கிவிட்டது. அங்கே கிரீக் என்ற பூர்வகுடி ஜனங்களை விரட்டிவிட்டு அரசாங்கம் நிலத்தைக் கூறுபோட்டு விற்கிறதாம். பருத்தி போட்டால் பொன்னாக விளையுமாம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு கிழவனின் ஆயுள்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன பசி! அந்தப் பசிக்கு யாருடைய முதுகு ஒடியும் என்று குடிசைகளில் எல்லோருக்கும் தெரியும்.

சீட்டைக் கொடுக்கும்போது கங்காணி, அவளுடைய மூத்த மகள் லெட்டியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும். வரலேன்னு வையி, இவள எங்கூட வண்டில ஏத்த மாட்டேன். ரோட்டுல போற அடிமை வியாபாரி எவங்கிட்டயாவது தள்ளிவிட்டுருவேன்."

செய்யக்கூடியவன்தான். தாமார் ஓடையைத் தாண்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாலு எட்டுக்கு ஒருமுறை வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

பிளெட்சர் பண்ணையில் ஐஷத்தின் அக்காள் டார்கஸின் குடிசை வாசலில் சவப்பெட்டி தயாராக இருந்தது. மூடியை இன்னும் அடிக்கவில்லை. கறுப்பர்கள் கூடி ஜெபம் பண்ணினால் ஒரு வெள்ளைக்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பிளெட்சரின் மகன் வேலியில் சாய்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? வர விடமாட்டானுங்கன்னே நெனச்சேன்," என்றாள் டார்கஸ். "மொகத்தப் பாத்துக்க. சவரம் பண்ணி விட்டிருக்கேன். உயிரோட இருக்கறப்ப எங்கிட்ட ஒரு நாள் தலைய காட்டியிருப்பானா?"

தாமார் பார்த்தாள். தாடை மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

"கடைசியா ஏதாச்சும் பேசுனாரா அண்ணி?"

"பேச்சா! வாய மூடுனாத்தானே. படுக்கறதுக்கு முன்னாடியே உன்னயும் புள்ளைங்களயும் வாங்கிக்கச் சொல்லி எசமான் கால்ல விழுந்தான். அவரு முடியாதுன்னுட்டாரு. அன்னிக்கே பன்னி ஓட்டிக்கிட்டுத் தெக்க போற ஒருத்தனப் புடிச்சி, அலபாமாவுக்கு எப்பிடிப் போவணும்னு கேட்டிருக்கான்." டார்கஸ் குரலைத் தாழ்த்தினாள். "காய்ச்சல் ஏறுனப்பறம் வழியில தாண்டற ஆறுங்க பேரச் சொல்லி அதே பொலம்பல்தான். டான் ஆறு, யாட்கின், கட்டாபா, சவான்னா. பைத்தியக்காரன். நாய விட்டுப் புடிச்சிருப்பானுங்க."

"வந்திருப்பாரு அண்ணி."

"வந்திருப்பான்," என்றாள் டார்கஸ். இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தாமாருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் மழையிலும் பனியிலும் நடந்தவனுக்கு, வழி கேட்டுத் தெரிந்துகொண்டபின் கால் இல்லாமல் போயிற்று.

"சீக்கிரம் ஆகட்டும்!" என்று வேலியிலிருந்து குரல் வந்தது.

வெயில் காட்டு மரங்களின் தலைக்கு இறங்கியிருந்தது. லெட்டியின் தோளில் இருந்த கங்காணியின் கை தாமாரின் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

டார்கஸ் பெட்டியின் அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடு புள்ளய."

இது அவர்களுடைய வழக்கம். செத்தவனின் கைக்குழந்தையைப் பெட்டிக்கு மேலாக இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் பந்தம் அறுந்தது. இல்லாவிட்டால் செத்தவன் பிள்ளை ஆசையில் பின்னாலேயே வருவான், ராத்திரியில் தூங்கவிட மாட்டான்.

தாமார் துணியை அவிழ்த்துப் பிள்ளையைக் கையில் எடுத்தாள். நல்ல தூக்கம். கொடுக்கவில்லை.

"ஏண்டி, குடு. நேரமாவுது."

"வேணாம் அண்ணி."

"வேணாமா? பின்னாலயே வருவான்டி! புள்ளய படுத்தி எடுத்துருவான்."

தாமார் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டார்கஸ் அவள் முகத்தையே பார்த்தாள். நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. பிறகு அவளே பெட்டியைச் சுற்றி வந்து, பிளெட்சரின் மகன் பார்வையை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள்.

தாமார் குனிந்து ஐஷத்தின் காதருகில் வாயை வைத்தாள். "நாளைக்கு விடிஞ்சதும் கெளம்புறோம். மொதல்ல டான் ஆறு. அப்பறம் யாட்கின். அப்பறம் கட்டாபா. அப்பறம் சவான்னா."

"என்ன முணுமுணுக்கிறா அவ?" என்றான் வேலியோரத்தான்.

"ஜெபம் பண்றா எசமான்," என்றாள் டார்கஸ்.

சவான்னாவுக்கு அப்பால் இன்னும் ஆறுகள் இருக்கின்றன என்று கார்வில் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெயர்கள் அவளுக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் தெரியாது.

"அதுக்கு மேல எனக்குத் தெரியல," என்று காதில் சொன்னாள். "புள்ள அழுவற சத்தத்தக் கேட்டுக்கிட்டு வந்துருங்க."

பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் தொடையைப் பிடித்து அழுத்திக் கிள்ளினாள். அவன் வீறிட்டான்.

"அத வாய மூடச் சொல்லு!" என்று கத்தினான் பிளெட்சரின் மகன்.

மூடியில் ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். தாமார் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கவில்லை, பால் கொடுக்கவில்லை. அழ அழத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் வேகமாக நடந்தாள்.