ஏரிச்சேற்றுத் தும்மல்

நாலாயிரம் வருடங்களுக்கு முன் அழிந்துபோன ஒரு மரத்தின் மகரந்தம் மூக்கில் ஏறி, செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் தும்மினார். மதியத்துக்குள் தெருவே தும்மியது. மகரந்தம் வந்தது ஆய்வுக்கூடத்தின் மாடி ஜன்னலிலிருந்து. அங்கே ஒரு பெண், ஊருக்கு அவள் சேற்றுக்காரி, ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காக வெட்டி, அமிலத்தில் கழுவி, எஞ்சிய மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பூக்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்த வேண்டும், இன்றைய மகரந்தம் பழைய சேற்றில் கலந்துவிடக் கூடாது என்பது அங்கே விதி. பழையது வெளியே போகக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை. வறட்சியில் எதுவும் பூக்காத அந்தக் கோடையில் அவள் தைரியமாக ஜன்னலைத் திறந்துவைத்திருந்தாள்.

தெருமுனையில் வைத்தியம் பார்க்கும் அவளுடைய அண்ணி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“ஏண்டி, ஊரே என் வாசல்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்னத்தைடி பறக்கவிட்ட?”

“மருந்து குடுங்க அண்ணி.”

“செத்துப்போன மரத்துக்கு எங்கடி போவேன் மருந்துக்கு?”

ஆனால் அண்ணிதான் முதலில் கவனித்தாள். தும்மியவர்களின் கைக்குட்டையில் கரித்தூள் இருந்தது. மாற்றலாகி வந்த வங்கி மேனேஜர் தும்மவில்லை. வாழ வந்தவளான அண்ணியும் தும்மவில்லை. காட்டை எரித்தவர்களின் வம்சம் மட்டுமே தும்மியது. சேற்றுக்காரியின் அறிக்கையும் அதைத்தான் சொன்னது: காடு தானாகப் போகவில்லை, வயலுக்காக மனிதர்கள் கொளுத்தினார்கள். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அதில் கையெழுத்துப் போட மறுத்திருந்தார். “எங்க முன்னோர் பச்சை இலையைக் கிள்ளாதவங்க. மழை பொய்ச்சுதுன்னு மாத்தும்மா” என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த வருடத்தோடு அவள் வேலை போய்விடும்.

ஊர் முதலில் வெட்கப்பட்டுத் தும்மலை விழுங்கியது. பிறகு, தும்மினால்தான் மண்ணின் மைந்தன் என்பது யாருக்கோ உறைத்தது. மறு மாதமே பெண் வீட்டார், பையன் தும்முவானா என்று விசாரித்தார்கள். குடியிருக்க வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மிளகுப்பொடியை முகர்ந்தார்கள். எங்கள் பாட்டன் மூட்டிய தீ ஏழு ராத்திரி எரிந்தது என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, எங்களுடையது ஒன்பது என்றார் இன்னொருவர். இயக்குநர் மட்டும் ஜன்னலுக்குக் கீழே முகத்தை அண்ணாந்து நெடுநேரம் நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தபால்காரர் பரிவோடு கேட்டார்: “சாருக்குச் சொந்த ஊர் எது?”

மறுநாள் காலை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, அண்டம் அதிரத் தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “ஒரு வரி சேத்துக்கோம்மா. பெரிய மரமெல்லாம் எங்க ஆளுங்க சாய்ச்சது.”

கையெழுத்தின் மேல் பழுப்பாக ஏதோ தூசி. பழக்க தோஷம், அவள் அதைத் தொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். புகையிலை. இந்தப் பக்கம் வந்து ஐந்நூறு வருடம்கூட ஆகாத செடி. யாரிடமும் சொல்லாமல் ஊதிவிட்டு, அடுத்த அடுக்கை வெட்ட உட்கார்ந்தாள்.

இப்போது கோடைதோறும் ஊர் தும்முகிறது. எல்லோரையும்விட உரக்கத் தும்முபவர் இயக்குநர்தான்.