பாலத்தின் மேல் சிவப்புக் குடை

கடந்த நாலு ஞாயிற்றுக்கிழமைப் படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, புகைப்படக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். விமானத்தை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இவருக்கு அதன் நிழல்தான் பைத்தியம். வாரம் தவறாமல் ஒன்பதாம் எண் பேருந்தில் ஏறி மேம்பாலத்தில் இறங்குவார். பதினொன்று பத்து விமானம் கிளம்பித் தலைக்கு மேலே தாழ்வாகப் போகும்போது, அதன் நிழல் மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள் எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கி ஓடும். ஆறு வருடமாக அதைத் துரத்துகிறார். இந்த நாலு படங்களில் மட்டும் அதைக் காணோம். இத்தனைக்கும் வெயில் சுள்ளென்று அடித்திருக்கிறது. கொடியில் தொங்கும் சட்டைக்குக்கூட நிழல் இருக்கிறது.

வரும் ஞாயிறு அதே விமானத்தில்தான் மகள் வேலைக்குப் போகிறாள். நிழலைக் காணோம், அதில் போக வேண்டாம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, போன மாசம் பாஸ்போர்ட்டைக் கேமரா பையில ஒளிச்சு வச்சீங்க. இப்ப நிழலைக் காணோமா?" மகள் பெட்டியை மூடியபடியே கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, சிவப்புக் குடையை எடுத்துட்டு நம்ம பாலத்துல நில்லுங்க. எனக்கு ஜன்னல் சீட்டுதான். மேலேர்ந்து ஒரு படம் எடுக்கறேன். நிழலும் தெரியும், நீங்களும் தெரிவீங்க. கண்டிப்பா வருவீங்கல்ல?"

"வராம எங்கம்மா போவேன்?"

ஞாயிறன்று பேருந்தில், வழக்கமாகத் தலையசைக்கும் நடத்துநர் அவரைக் கவனிக்காமலே கடந்து போனார். இருந்த பதற்றத்தில் அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. பாலத்தில் பழ வண்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றார். விமானம் வந்தது. குடையை உயர்த்திக் கை வலிக்க ஆட்டினார். காது அடைக்கும் சத்தம் தலைக்கு மேலே போயிற்று. கூரைகள் மேல் எதுவும் ஓடவில்லை. படம் எடுக்கக்கூடத் தோன்றாமல் வீடு திரும்பினார்.

இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. 'எறங்கிட்டேன்ப்பா.' அவர் கண்ணை மூடிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்து படம் வந்தது. பாலத்தின் குறுக்கே, இறக்கைகள் இரண்டும் விரிந்து, தெளிவாக விழுந்திருந்தது விமானத்தின் நிழல். பெரிதாக்கிப் பார்த்தார். பழ வண்டி இருந்தது. வண்டிக்காரர் இருந்தார், அவர் காலடியில் நிழலும் இருந்தது. பக்கத்தில், இவர் நின்ற இடத்தில், வெறும் சுவர்.

'குடையைத் தேடித் தேடிக் கண்ணே வலிச்சுது. வரலைன்னா வரலைன்னு சொல்லியிருக்கலாமேப்பா.'

'நான் நின்னேம்மா' என்று அடித்தார், அழித்தார். பாஸ்போர்ட்டை ஒளித்தவன் சொல்லை அவள் ஏன் நம்ப வேண்டும்? பிடரியில் வெயில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குடை கதவோரம் சாய்ந்து கிடந்தது.

ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் கட்டமாக விழுந்திருந்தது. கேமராவை அதில் வைத்தார். நிழல் விழுந்தது. குடையை வைத்தார். அதற்கும் விழுந்தது. வெயிலின் ஓரம் வரைக்கும் கையைக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.