இருக்கிறவருக்கு இரங்கலிசை

சலவைக் கடைக்காரர் முதல் தடவை காணாமல் போனபோது ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நின்றிருந்தார். இருந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில், அதே குனிந்த முதுகோடு திரும்ப வந்து நின்றார். அதற்குள் காலர் கருகிவிட்டது. சட்டைக்காரர் ஆள் எங்கே போனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சட்டைக்குத்தான் சத்தம் போட்டார். நியாயம்தான், புதுச் சட்டை.

காரணம் வேறொரு நகரத்தில் இருந்தது. சலவைக் கடைக்காரருக்கு ஒரே மகன். அம்மா இருந்தவரை அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவள் போன பிறகு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருவரும் மூடிக்கொண்டார்கள். சண்டை என்று ஒன்றுமில்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் யாரும் தூக்க விரும்பாத, செல்லோ என்கிற ஆளுயர வயலினை அவன் தலையில் கட்டினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அவன் நகரத்துக்குப் போய் ஒரு வாத்தியக் குழுவில் சேர்ந்தான். ஒருநாள் யாரும் கேட்காமலே ஒரு இசை எழுதினான். செல்லோ ஒரு நீளமான சுரத்தை இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். அப்பா ஒரு கை தேய்த்து, பெட்டியைத் தூக்கி, துணியைத் திருப்பிப் போட்டு மறுகை தேய்க்கிற நடை அது. முகப்பில் ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தான்.

அந்த அச்சகம் இசைத்தாள்கள் மட்டுமே அடிப்பது. அங்கே எழுத்துக் கோர்த்தவரின் அனுபவத்தில், உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு எவனும் இசை எழுதியதில்லை. அதுவும் இவ்வளவு மெதுவான இசையை. பையன் துக்கத்தில் ‘மறைந்த’ என்பதை விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாக, ‘மறைந்த என் தந்தையின் நினைவாக’ என்று கோர்த்துவிட்டார். திருத்த வந்த தாளில் மகன் அதைப் பார்த்தான். மாற்றச் சொன்னால் அப்பா இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். இருக்கிறார் என்றால் அரங்கேற்றத்துக்கு வருவாரா என்று கேட்பார்கள். அவருக்குச் சொல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது? போகட்டும் என்று கையெழுத்துப் போட்டான். அந்த அரங்கேற்றத்தின்போதுதான் காலர் கருகியது.

இசைக்குப் பேர் வந்தது. மற்ற குழுக்களும் வாசிக்கத் தொடங்கின. ஒவ்வொரு வாசிப்புக்கும் சலவைக் கடைக்காரர் காணாமல் போனார். தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. பக்கத்துப் பொத்தான் கடைக்காரம்மா அவர் மறைந்ததும் ஓடிவந்து இஸ்திரிப் பெட்டியை அணைப்பாள். வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ரத்த சோகையாக இருக்கும் என்றார் மருந்துக்கடைக்காரர். ஒருநாள் பொத்தான் கடை ரேடியோவில் அந்த இசை நேரடி ஒலிபரப்பு. ‘மறைந்த தந்தையின் நினைவாக’ என்று அறிவிப்பாளர் சொல்லி வாய் மூடவில்லை, இங்கே ஆள் இல்லை. கைதட்டல் கேட்டதும் திரும்ப வந்துவிட்டார்.

“அண்ணே, உங்க பையன் உங்களைச் சாகடிச்சுட்டான்” என்றாள் அவள்.

“தெரியும்மா. எனக்குக் கேக்குதே” என்றார் அவர்.

மறைந்திருக்கும் நேரமெல்லாம், எங்கே வாசித்தாலும், அந்த இசை அவர் காதுக்குள் முழுசாகக் கேட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பொத்தான் கடைக்காரம்மா மகனுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தாள். அவன் மறுநாளே வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த அறையில், தேய்த்து அடுக்கிய போர்வைகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“அதை மாத்தி அடிக்கச் சொல்றேன்பா. இருக்கிறதெல்லாம் திரும்ப வாங்கிடறேன்” என்றான்.

“மாத்தாத.”

“நீங்க இல்லாமப் போறீங்கப்பா.”

“மாத்திட்டா எனக்குக் கேக்காதே” என்றார் அப்பா. பக்கத்துப் போர்வையின் மடிப்பை நீவிவிட்டு, “நீ என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல” என்றார்.

மகன் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். “நேர்லயே பேசறேன்பா” என்றான்.

“சரி, பேசு.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்பாவும் கேட்கத் தயாராகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரம் ஓடியது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். மகன் வாயைத் திறந்தான், பிறகு அப்பாவின் செருப்பைப் பார்த்து, வார் அறுந்திருப்பதாகச் சொன்னான். ஆமாம் என்றார் அப்பா. அதற்கு மேல் வரவில்லை. இருவருக்கும் அவமானமாக இருந்தது. நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து எங்கேயோ யாரோ வாசிக்க ஆரம்பித்தார்கள், அப்பா மறைந்தார். மகன் காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

பிறகு வருஷங்கள் ஓடின. அந்த இசை கடல் தாண்டிப் போனது. இசைப் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். இங்கே விடிகிற நேரத்தில் வேறெங்கோ ஒருத்தி வில்லை எடுத்தாள். அவள் முடிக்க இன்னொருவன் தொடங்கினான். சலவைக் கடைக்காரர் நடுநடுவே இரண்டு சட்டை தேய்க்கிற அளவுக்கு வந்தார், பிறகு ஒரு கைக்குட்டை அளவுக்கு. தேய்த்தவரை சுருக்கம் இல்லாமல்தான் இருந்தது. மகன் பயந்துபோய், அப்பா சொன்னதையும் மீறி, முகப்பைத் திருத்திப் புதிதாக அச்சடித்தான். யாரும் வாங்கவில்லை. எல்லாரிடமும் பழைய தாள் இருந்தது. இறந்த அப்பாக்கள் உள்ளவர்களுக்கு அந்தத் தாள்தான் பிடித்திருந்தது என்று இசைத்தாள் விற்கிற கடைக்காரர்கள் சொன்னார்கள். கடைசியில், உலகத்தில் எங்காவது ஒரு மூலையில் எவராவது அதை வாசிக்காத நேரமே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு சலவைக் கடைக்காரரை யாரும் பார்க்கவில்லை.

அவர் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. பொத்தான் கடைக்காரம்மா வாரம் ஒருமுறை கடையைப் பெருக்கும்போது, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் மேசைக்குப் பின்னால் துடைப்பத்தை விடுவாள். மின்சாரக் கட்டணம் அவர் பேரிலேயே வருகிறது.

மகன் குழுவை விட்டுவிட்டு வந்து அந்தத் தெருவிலேயே தங்கிவிட்டான். செல்லோவை அவன் இப்போது தொடுவதில்லை. தன் பங்குக்கும் வேறு அப்பாவை எதற்கு மறைக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். சாயங்காலம் கடையைத் திறந்து, தேய்க்கும் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவான். எதிரில் முகம் இல்லாததால் பேச்சு தாராளமாக வந்தது. பல்வலி, வீட்டு ஓனர், கச்சேரியில் ஒருமுறை வில் கைநழுவியது, அம்மா போன அன்று அப்பா தனியாகப் போர்வைகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனது. அப்பாவின் காதுக்குள் ஓயாமல் ஓடும் செல்லோவைத் தாண்டி இதெல்லாம் கேட்குமா என்று பொத்தான் கடைக்காரம்மா ஒருமுறை கேட்டாள். தெரியலம்மா என்றான். பேசி முடித்த பிறகும் உடனே எழுந்திருக்க மாட்டான். அப்பா எதற்கும் நிதானமாகப் பதில் சொல்கிறவர் என்பதால், அவருக்கு வேண்டிய நேரத்தை விட்டுவிட்டு, பிறகுதான் விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டுவான்.